ஆல்-டைம் காலேஜ் ஃபுட்பால் பட்டியல்: சண்டை இல்லாமல் போட முடியாது, ஒழுங்காகப் போடலாம்

அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பாலில் (நம்ம கால்பந்து இல்லை, பந்தைக் கையில் எடுத்து ஓடியும் வீசியும் ஆடுவது) எல்லாக் காலத்துக்கும் உங்களுக்குப் பிடித்த ஆட்டக்காரர்கள் யார், கோச் யார் என்று கேட்டால் மூச்சுவிடாமல் பத்துப் பேரை அடுக்கிவிடலாம். அடுத்த நிமிஷமே பக்கத்தில் இருப்பவன் "அவனையெல்லாமா சேர்ப்பே?" என்று ஆரம்பித்துவிடுவான். சென்னையில் இந்தச் சண்டை போடுகிற கூட்டம் சின்னதுதான், ஆனால் இருக்கிறது. எம்எஸ் படிக்கப் போய், அங்கேயே கொஞ்ச வருஷம் வேலை பார்த்து, திரும்பி வந்து ஓஎம்ஆரிலோ போரூரிலோ ஃப்ளாட் வாங்கி உட்கார்ந்த பிறகும் சனிக்கிழமை ராத்திரித் தூக்கத்தைத் தொலைக்கிறவர்கள். அவர்களுக்கும், அவர்களோடு சேர்ந்து கெட்டுப்போன தம்பிகளுக்கும் மைத்துனர்களுக்கும்தான் இது.

முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டியது: இது சிறந்தவர்கள் பட்டியலா, பிடித்தவர்கள் பட்டியலா? பாதிச் சண்டை இதை முடிவு பண்ணாமல் ஆரம்பிப்பதால்தான் வருகிறது. ஒருத்தன் புள்ளிவிவரம் பேசுவான், இன்னொருத்தன் மனசு பேசுவான், ராத்திரி பதினொரு மணி வரை ரெண்டு பேரும் வேற வேற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். என் யோசனை, பிடித்தவர்கள் பட்டியலே போடுங்கள். சிறந்தவர்களைத் தேர்ந்தெடுக்க அட்லாண்டாவில் ஹால் ஆஃப் ஃபேம் இருக்கிறது, 1935-லிருந்து வருஷா வருஷம் சிறந்த காலேஜ் ஆட்டக்காரருக்கு ஹைஸ்மன் கோப்பை கொடுக்கிறார்கள், அந்த வேலைக்கு நாம் தேவையில்லை.

ஆனால் பிடித்தவர் என்றால் வாய்க்கு வந்த பெயர் என்று அர்த்தமாகிவிடக் கூடாது. அதற்கு ஒரே ஒரு சோதனை போதும். ஒரு பெயரை எழுதினால் அந்த ஆளுடைய ஒரு ஆட்டத்தையாவது நீங்கள் சொல்ல வேண்டும். எந்த வருஷம், எதிரணி யார், எந்த நிலைமையில் என்ன செய்தார் என்று ரெண்டு நிமிஷம் சொல்லத் தெரிந்தால் பெயர் நிற்கட்டும். "செம பிளேயர் மச்சான், லெஜண்ட்" என்பதற்கு மேல் வார்த்தை வரவில்லை என்றால் அடித்துவிடுங்கள்.

எப்படிச் சொல்வது என்பதற்கு வின்ஸ் யங்கை எடுத்துக்கொள்கிறேன். பசடீனாவில் 2006 ஜனவரி 4 அன்று ரோஸ் பௌல், சீசன் முடிவில் நடக்கும் பெரிய பௌல் ஆட்டங்களில் ஒன்று, நம்ம ஊர்க் கணக்கில் வியாழக்கிழமை காலை. எதிரில் தொடர்ந்து 34 ஆட்டம் ஜெயித்துவிட்டு வந்திருக்கும் யுஎஸ்சி (தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்), அந்த அணியில் ஹைஸ்மன் வாங்கிய ரெண்டு பேர், 2004-இல் வாங்கிய மேட் லைனார்ட்டும் 2005-இல் வாங்கிய ரெஜி புஷ்ஷும். அந்த 2005 ஓட்டெடுப்பில் இரண்டாவது வந்தவர் டெக்சஸின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வாங்கி வீசி ஆட்டத்தை நடத்துகிறவர், வின்ஸ் யங். கடைசிக் கால்பகுதியில் ஏழு நிமிஷத்துக்கும் குறைவாக இருக்கும்போது டெக்சஸ் 38-26 என்று பின்தங்கியிருக்கிறது. யங் ஒரு டச் டவுன் ஓடி (பந்தோடு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டி) 38-33 ஆக்குகிறார். அப்புறம் யுஎஸ்சிக்கு நான்காவது டவுனில், அதாவது கடைசி வாய்ப்பில், ரெண்டு யார்டு தேவை, பந்தை லெண்டேல் ஒயிட்டிடம் கொடுக்கிறார்கள், டெக்சஸ் நிறுத்திவிடுகிறது, அந்த நேரத்தில் ரெஜி புஷ் மைதானத்துக்கு வெளியே நிற்கிறார் (இதைப் பற்றி மட்டுமே ஒரு ராத்திரி பேசலாம்). பந்து கைக்கு வந்ததும் யங் அணியை எதிர்ப்பக்கம் வரை நகர்த்திக்கொண்டு போகிறார். நான்காவது டவுன், ஐந்து யார்டு வேண்டும், எட்டு யார்டு கோட்டில் நிற்கிறார்கள். வீசுவதற்கு ஆள் கிடைக்கவில்லை. வலது ஓரமாக ஓடி மூலைக்குள் நுழைகிறார், கடிகாரத்தில் 19 விநாடி. முடிவு 41-38. வீசியது 267 யார்டு, ஓடியது 200 யார்டு.

கடைசியில் வந்த எண்களைப் பாருங்கள். முன்னாடியே 267, 200 என்று சொல்லியிருந்தால் கேட்கிறவன் "சரி, நல்ல ஸ்கோர்" என்று போனைப் பார்க்கப் போயிருப்பான். ஆட்டத்தைச் சொல்லிவிட்டு எண்ணைச் சொன்னால்தான் எண் நிற்கும்.

என்எஃப்எல்லை வெளியே வையுங்கள்

அடுத்த விதி இது, இதில் தளரவே தளராதீர்கள். காலேஜில் ஆடியதை மட்டும்தான் எண்ண வேண்டும், அப்புறம் என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக்கில் ஆடியதை அல்ல. மிஷிகனில் படித்தவர்கள் அந்த லீக்கில் கொடிகட்டிப் பறந்த டாம் பிரேடி பெயரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பிரேடி மிஷிகனில் ஆடியபோது ட்ரூ ஹென்சனோடு இடத்தைப் பங்குபோட்டுக்கொண்டார், என்எஃப்எல் அணிகள் ஆள் எடுக்கும் டிராஃப்டில் 2000-இல் 199-வது ஆளாகத்தான் எடுத்தார்கள். அப்புறம் நடந்ததெல்லாம் வேறு கணக்கு. மிஷிகன்காரருக்கு யாராவது வேண்டும் என்றால் சார்ல்ஸ் உட்சன் இருக்கிறாரே! 1997-இல் ஒஹாயோ ஸ்டேட்டுக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் எதிரணி உதைத்த பந்தைப் பிடித்து 78 யார்டு ஓடிய பன்ட் ரிட்டர்ன் டச் டவுன், 37 யார்டு கேட்ச், எண்ட் ஸோனில் எதிரணி வீசிய பந்தைப் பறித்த ஒரு இன்டர்செப்ஷன். அந்த வருஷம் பெய்ட்டன் மானிங்கைத் தாண்டி ஹைஸ்மன் வாங்கினார், தடுப்பு ஆட்டத்தை முதன்மையாகக் கொண்டு அதை வாங்கிய முதல் ஆள்.

எதிர்ப்பக்கமும் இதே விதிதான். டிம் டீபோ என்எஃப்எல்லில் நிலைக்கவில்லை என்று சிரிப்பவர்கள் உண்டு. ஃப்ளோரிடாவில் ரெண்டு தேசியப் பட்டம், இரண்டாம் ஆண்டு மாணவராக இருந்து ஹைஸ்மன் வாங்கிய முதல் ஆள், இதற்கு மேல் காலேஜ் பட்டியலில் என்ன வேண்டும்? ரஞ்சியில் வருஷக்கணக்காக ரன் குவித்தும் இந்திய அணியில் இடம் கிடைக்காத எஸ். சரத்தைத் தெரிந்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. இன்னும் ஒரு படி மேலே போனால் எர்னி டேவிஸ். 1961-இல் ஹைஸ்மன் வாங்கிய முதல் கறுப்பின வீரர், சிரக்யூஸ் பல்கலைக்கழகம். ரத்தப் புற்றுநோயில் 1963-இல் இறந்துபோனார், தொழில்முறை ஆட்டம் ஒன்றுகூட ஆடவில்லை. காலேஜை மட்டும் எண்ணும் பட்டியலில்தான் அவருக்கு முழு இடம் கிடைக்கும்.

பழைய எண்களைப் படிக்கிற விதம்

காலத்துக்குக் காலம் ஆட்டமே மாறியிருக்கிறது. பந்தை முன்னால் வீசலாம் என்ற விதியே 1906-இல்தான் வந்தது. முதலாண்டு மாணவர்கள் பிரதான அணியில் ஆடலாம் என்பது 1972-இல், அதனால் அதற்கு முந்தைய ஆட்களுக்கு மூன்று சீசன்தான். பௌல் ஆட்டத்தில் எடுத்த யார்டுகளை 2002 வரை சீசன் கணக்கில் சேர்க்கவில்லை. இது தெரியாமல் ரெண்டு பேரின் எண்ணைப் பக்கத்தில் வைத்துப் பேசினால் வீண் பேச்சு.

பேரி சாண்டர்ஸ்தான் இதற்குச் சரியான கேஸ். ஒக்லஹோமா ஸ்டேட்டில் தர்மன் தாமஸுக்கு மாற்று ஆளாக இருந்துவிட்டு, 1988-இல் இடம் கிடைத்ததும் 11 ஆட்டத்தில் 2,628 யார்டு ஓடினார், 37 டச் டவுன். ஹாலிடே பௌலில் ஓடிய 222 யார்டு அதில் இல்லை. ஓடியது, பிடித்தது, கிக் ரிட்டர்ன் எல்லாம் சேர்த்த கணக்கில் அவர் வைத்திருந்த 3,250-ஐ ஸ்டான்ஃபோர்டின் கிறிஸ்டியன் மெக்காஃப்ரி 2015-இல் 3,864 எடுத்துத் தாண்டினார், ஆனால் ஆடியது 14 ஆட்டம். ஆட்டத்துக்கு எவ்வளவு என்று போன் கால்குலேட்டரில் ஒரு தட்டுத் தட்டுங்கள், சாண்டர்ஸ் இன்னும் முன்னால் இருப்பார். மெக்காஃப்ரியைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை, சாதனை முறிந்தது என்ற செய்தியை மட்டும் வைத்துக்கொண்டு பழைய ஆளை இறக்கிவிடாதீர்கள் என்பதற்காக.

இன்னொன்று, இதைப் பெரும்பாலான பட்டியல்களில் யோசிப்பதே இல்லை. தெற்கு மாநிலங்களின் பெரிய பல்கலைக்கழகங்கள் 1960-களின் பின்பகுதி வரை, சில 70-கள் வரை, கறுப்பின வீரர்களைச் சேர்க்கவே இல்லை. அதனால் பழைய அலபாமா, பழைய ஓல் மிஸ் (மிசிசிப்பி பல்கலைக்கழகம்) ஆட்களை மட்டும் வைத்து "அந்தக் காலம்" என்று பேசினால் பாதி ஆட்டக்காரர்கள் பட்டியலுக்கு வெளியேயே நிற்பார்கள். அவர்கள் கிராம்ப்ளிங், ஜாக்சன் ஸ்டேட் மாதிரி கறுப்பினத்தவருக்கான கல்லூரிகளில் ஆடினார்கள். கதவு திறந்த பிறகும் அந்தக் கல்லூரிகளின் தரம் குறையவில்லை. வால்டர் பெய்ட்டன் ஜாக்சன் ஸ்டேட்டிலிருந்து வந்தவர், ஜெரி ரைஸ் மிசிசிப்பி வேலி ஸ்டேட்டிலிருந்து. 1970 செப்டம்பரில் யுஎஸ்சி பர்மிங்ஹாமுக்குப் போய் அலபாமாவை 42-21 என்று அடித்தது, சாம் கன்னிங்ஹாம் 135 யார்டு ஓடினார், அந்த ஒரே ஆட்டத்தால்தான் அலபாமா மனம் மாறியது என்று ஒரு கதை சுற்றிக்கொண்டே இருக்கும். கதை அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் வில்பர் ஜாக்சன் அதற்கு முன்பே அலபாமாவில் சேர்ந்துவிட்டார். கன்னிங்ஹாமைப் பட்டியலில் வையுங்கள், ஆட்டத்துக்காக வையுங்கள்.

பந்தைத் தொடாதவர்களைப் பாருங்கள்

எல்லாருடைய முதல் பட்டியலிலும் குவார்ட்டர்பேக், ரன்னிங் பேக், மிஞ்சினால் ஒரு ரிசீவர். பந்து யார் கையில் இருக்கிறதோ அவரைத்தான் கேமரா காட்டுகிறது, கண்ணும் அங்கேயே போகிறது. அதனால் ஒரு கட்டாயம் வையுங்கள்: ஐந்து பேரில் ஒருவராவது முன்வரிசையில் முட்டி நிற்கும் லைன்மேனாகவோ தடுப்பு ஆட்டக்காரராகவோ இருக்க வேண்டும்.

பார்க்கிற விதத்தையும் மாற்ற வேண்டும். பிக் 12 என்ற கல்லூரிக் கூட்டமைப்பின் 2009 இறுதி ஆட்டம், டெக்சஸுக்கு எதிராக நெப்ராஸ்கா. யூடியூபில் எடுத்து வேகத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டு, பந்தை மறந்துவிட்டு, 93 என்ற எண்ணை மட்டும் பாருங்கள். அது நெப்ராஸ்காவின் தடுப்பு ஆட்டக்காரர் டமுக்கோங் சூ. பந்து கிளம்பும் முன் கை தரையில் ஊன்றியிருக்கும், கிளம்பியதும் எதிரே இருப்பவரின் மார்பில் ரெண்டு கையும் போகும், ரெண்டு பேர் சேர்ந்து பிடித்தால்கூட நடுவே பிளந்துகொண்டு டெக்சஸ் குவார்ட்டர்பேக் கோல்ட் மெக்காயை நோக்கிப் போய்க்கொண்டே இருப்பார். நாலரை சாக் (பந்தை வீசும் முன்பே குவார்ட்டர்பேக்கைச் சாய்ப்பது). கடைசி விநாடி ஃபீல்டு கோலில் டெக்சஸ் 13-12 என்று ஜெயித்தது, ஆனால் அந்த ஆட்டத்தை யாராவது மெக்காய் ஆட்டம் என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? இப்படி ஒரு முறை பார்த்துவிட்டால் பிறகு நேரடி ஆட்டத்திலும் லைனைப் பார்க்கக் கண் பழகிவிடும். தாக்குதல் பக்கம் இதையே பழக வேண்டுமென்றால் ஒஹாயோ ஸ்டேட்டின் ஆர்லாண்டோ பேஸ். லைனில் டேக்கிள் என்ற இடத்தில் ஆடி 1996 ஹைஸ்மன் ஓட்டில் நான்காவது வந்தவர், லைன்மேனுக்கு அதெல்லாம் கிடைக்கிற காரியமே இல்லை.

நேரடி ஆட்டம் என்றதும் நேரக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், புதிதாக இதில் விழுகிறவர்களுக்கு உதவும். செப்டம்பர், அக்டோபரில் அமெரிக்கக் கிழக்கு நேரம் மதியம் 12 மணி ஆட்டம் நமக்குச் சனி ராத்திரி 9.30. மூன்றரை மணி ஆட்டம் ஞாயிறு 1 மணிக்கு, அதை விட்டுவிடுங்கள், உடம்பு தாங்காது. ஏழரை மணி ஆட்டம் ஞாயிறு காலை 5 மணி, அதுதான் நமக்கு வாகானது. நவம்பர் முதல் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்ததும் எல்லாமே ஒரு மணி நேரம் தள்ளிப்போகும், அதனால் நவம்பர் கடைசியில் ஒஹாயோ ஸ்டேட் - மிஷிகன் ஆட்டம் மதியம் என்றால் இங்கே ராத்திரி 10.30. காலை ஆட்டத்துக்குச் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள், ஆவின் பாக்கெட்டோடு உள்ளே வரும் அப்பா டிவியைப் பார்த்துவிட்டு "என்னடா இது, ரக்பியா?" என்பார். ஆமாம் என்று சொல்லிவிடுவது உத்தமம்.

சொந்தக் காலேஜ் பாசம்

இதை ஒழிக்கவே முடியாது, அளவு வைக்கலாம். படித்த இடத்திலிருந்து ஒருவர் மட்டும், அவ்வளவுதான். அந்த ஒருவரையும் வசதியான ஆளாகப் பார்த்து எடுக்காதீர்கள். டெக்சஸ் ஏ அண்ட் எம்மில் படித்தவர்கள் எல்லாரும் ஜானி மான்ஸியல் என்பார்கள், 2012-இல் முதலாண்டிலேயே ஹைஸ்மன் வாங்கியவர், தப்பில்லை. அரிசோனா ஸ்டேட்டில் படித்தவர்களுக்கு இன்னும் கனமான பெயர் இருக்கிறது, பேட் டில்மன். 1996 சீசனில் தோற்காமல் ரோஸ் பௌல் வரை போன அணியின் லைன்பேக்கர், அங்கே ஒஹாயோ ஸ்டேட்டிடம் 20-17 என்று போனது. அப்புறம் என்எஃப்எல் சம்பளத்தை விட்டுவிட்டு ராணுவத்தில் சேர்ந்து 2004-இல் ஆஃப்கானிஸ்தானில் தன் படையினரின் குண்டுக்கே பலியானார். அந்தப் பின்கதை நெஞ்சை அடைக்கும்தான், ஆனால் நம்ம விதிப்படி டில்மனை அரிசோனா ஸ்டேட் இருக்கும் டெம்பியில் ஆடியதற்காக எடுக்க வேண்டும், அதற்கும் அவர் தாராளமாகத் தேறுவார், 1997-இல் பேக்-10 என்ற கூட்டமைப்பின் சிறந்த தடுப்பு ஆட்டக்காரர் அவர்தான்.

யுடி டல்லஸில் படித்தவர்கள் பாவம். சென்னையில் எந்த ஐடி கம்பெனி கேண்டீனில் கேட்டாலும் ரெண்டு பேர் அங்கே படித்தவர்கள் இருப்பார்கள், ஆனால் அந்தப் பல்கலைக்கழகத்தில் ஃபுட்பால் அணியே கிடையாது. இவர்களை வாக்கெடுப்புக்கு நடுவராகப் போடுங்கள். உண்மையாகவே சொல்கிறேன், இவர்களைப் போல நடுநிலை வேறு யாருக்கும் வராது.

இப்போது இன்னொரு சிக்கல், ஒரே ஆள் ரெண்டு மூன்று காலேஜில் ஆடுகிறார். ஜோ பரோ ஒஹாயோ ஸ்டேட்டில் ஆரம்பித்தவர் என்பதால் அவர் எங்கள் ஆள் என்று ஒஹாயோ ஸ்டேட்டின் கொலம்பஸ்காரர்கள் உரிமை கொண்டாடுவார்கள். விடாதீர்கள். எல்எஸ்யூவுக்காக (லூயிசியானா ஸ்டேட்) 2019-இல் 60 டச் டவுன் வீசி 15-0 என்று, அதாவது 15 வெற்றி, தோல்வியே இல்லை என்று முடித்தவரை எல்எஸ்யூ கணக்கில்தான் எழுத வேண்டும். நினைவில் நிற்கும் ஆட்டத்தை எந்த ஜெர்சியில் ஆடினாரோ அந்தக் காலேஜ்.

கோச்சைத் தேர்ந்தெடுப்பது

இது ஆட்டக்காரர்களைவிடக் கஷ்டம், சுவாரஸ்யமும் இதில்தான் அதிகம். பட்டம் எத்தனை என்று எண்ணினால் ஐந்து நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும்: நிக் சேபன், எல்எஸ்யூவில் ஒன்று, அலபாமாவில் ஆறு, மொத்தம் ஏழு தேசியப் பட்டம். அதே அலபாமாவில் அவருக்கு முன் இருந்தவர் பால் "பேர்" பிரையன்ட், மற்ற காலேஜ்களையும் சேர்த்து 323 வெற்றி, ஆறு பட்டம், கடைசி ஆட்டம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகாமல் 1983 ஜனவரியில் இறந்தவர். இவர்களை மறுக்க யாருக்கும் வாய் வராது. ஆனால் சேபனைப் "பிடிக்கும்" என்று அலபாமாவுக்கு வெளியே யாராவது சொன்னால் கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்ப்பேன். மதிப்பு வேறு.

கோச்சுக்கு நான் கேட்கிற கேள்விகள் ரெண்டு. கையில் என்ன கொடுத்தார்கள்? எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது என்ன முடிவு எடுத்தார்?

முதல் கேள்விக்கு பில் ஸ்னைடரைவிட நல்ல பதில் கிடையாது. 1989-இல் கான்சஸ் ஸ்டேட் அவர் கைக்கு வந்தபோது முந்தைய ரெண்டு சீசனிலும் சேர்த்து ஒரு வெற்றிகூட இல்லை, ஒரே ஒரு டிரா. ஊரைப் பார்த்து யாரும் ஆட வர மாட்டார்கள், பணமும் இல்லை. அங்கிருந்து 1998-இல் 11-0 என்று நாட்டிலேயே முதலிடம் வரை கொண்டுவந்துவிட்டார். அந்த வருஷம் பிக் 12 இறுதி ஆட்டத்தில் டெக்சஸ் ஏ அண்ட் எம் இரண்டாவது ஓவர்டைமில் 36-33 என்று அடித்து அத்தனையையும் கலைத்தது. ஆகவே பட்டியல் போடும்போது ஏ அண்ட் எம் ஆள் பக்கத்தில் இருந்தால் ஸ்னைடர் பேச்சை எடுக்கும் முன் அவனுக்கு ஒரு டீ வாங்கிக்கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

ரெண்டாவது கேள்விக்கு டாம் ஆஸ்பர்ன். 1984 ஜனவரி, ஆரஞ்ச் பௌல். நெப்ராஸ்கா அந்த சீசனில் 12-0, முதலிடம். எதிரில் மயாமி, சொந்த ஊரில் ஆடுகிறது. 31-17 என்று பின்தங்கியிருந்து கடைசிக் கால்பகுதியில் ஏறி வந்து 48 விநாடி இருக்கும்போது 31-30 ஆகிறது. அப்போது ஓவர்டைம் கிடையாது. கூடுதல் புள்ளிக்கு ஒரு உதை உதைத்தால் ஆட்டம் டிரா, டிரா ஆனாலே தேசியப் பட்டம் அநேகமாக அவர்களுக்குத்தான். நாட்டில் பாதிக் கோச்சுகள் உதைத்திருப்பார்கள், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆஸ்பர்ன் ஜெயிக்கத்தான் வந்தோம் என்று, உதைக்காமல் பந்தை மறுபடி கோட்டுக்குள் கொண்டுபோனால் கிடைக்கும் ரெண்டு புள்ளிக்குப் போனார். டர்னர் கில் வீசிய பந்தை மயாமியின் கென்னி கால்ஹூன் விரலால் தட்டிவிட்டார். பட்டம் போச்சு. அதற்கப்புறம் பத்து வருஷத்துக்கும் மேல் காத்திருந்து 1994, 95, 97 என்று மூன்று முறை வாங்கினார். 97-ஐ மிஷிகனோடு பகிர்ந்துகொண்டது என்பதை மிஷிகன்காரர்கள் ஞாபகப்படுத்தாமல் விட மாட்டார்கள்.

எண்ணிக்கை பேசுகிறவர்களுக்கு ரெண்டு பெயரைக் கொடுத்து வாயை அடைக்கலாம். எடி ராபின்சன், கிராம்ப்ளிங், 1941-லிருந்து 1997 வரை ஒரே கல்லூரியில், 408 வெற்றி. இவரைவிட அதிகமாக ஜெயித்தவர் ஜான் கலியார்டி, மினசோட்டாவில் செயின்ட் ஜான்ஸ் என்ற சின்னக் கல்லூரி, மொத்தம் 489. பயிற்சியில் விசில் கிடையாது, ஒருத்தரை ஒருத்தர் டேக்கிள் பண்ணக் கூடாது, ஆட்டக்காரர்கள் அவரை "கோச்" என்றுகூடச் சொல்லாமல் "ஜான்" என்றுதான் கூப்பிட வேண்டும். நம்ம ஊரில் பிடி வாத்தியாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் மைதானத்தை எத்தனை சுற்று ஓடவிட்டிருப்பார் என்று நினைத்துப் பாருங்கள்.

களங்கம் உள்ளவர்கள்

இதை ஆரம்பத்திலேயே பேசிவிடுங்கள், ஓட்டுப் போடும்போது எடுத்தால் கசப்புதான் மிஞ்சும். ஜோ பட்டர்னோ, பென் ஸ்டேட், 409 வெற்றி. அவருடைய பழைய உதவிக் கோச் ஜெரி சாண்டஸ்கி சிறுவர்களைப் பாலியல் கொடுமை செய்த வழக்கு வெளியே வந்ததும் 2011-இல் பட்டர்னோவை வேலையை விட்டு அனுப்பினார்கள். 2012-இல் அவர் கணக்கிலிருந்து 111 வெற்றியை எடுத்தார்கள், 2015-இல் திருப்பிக் கொடுத்தார்கள். பதிவேட்டில் எண் திரும்பி வந்துவிட்டது, என் பட்டியலில் ஆள் திரும்பி வரவில்லை. பிடித்தவர்கள் பட்டியலில் யாரையும் சேர்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, அந்த வசதியைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். வுடி ஹேஸ் கேஸ் வேறு மாதிரி. ஒஹாயோ ஸ்டேட்டில் 28 சீசன் இருந்துவிட்டு 1978 கேட்டர் பௌலில் கிளெம்சன் ஆட்டக்காரரைக் குத்தி, மறுநாளே வேலை போனவர். இவரைச் சேர்ப்பதும் விடுவதும் உங்கள் பாடு, ஆனால் சேர்த்தால் அந்தக் குத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். ரெஜி புஷ் விஷயம் இப்போது சுலபமாகிவிட்டது, 2010-இல் திருப்பிக் கொடுத்த ஹைஸ்மனை 2024-இல் அவருக்கே கொடுத்துவிட்டார்கள்.

ஓட்டெடுப்பு

தனியாகப் பட்டியல் போடுகிறவர்களுக்கு இது தேவையில்லை. கும்பலாகப் போட்டால் வாட்ஸப் குரூப்பில் மட்டும் ஓட்டெடுக்காதீர்கள். முதலில் எவன் டைப் பண்ணுகிறானோ அவன் பட்டியலைச் சுற்றியே மற்றவர்கள் பட்டியலும் அமைந்துவிடும், பிறகு மீம்தான் ஜெயிக்கும். ஆளுக்கு ஐந்து ஆட்டக்காரர், ரெண்டு கோச், நடுவருக்குத் தனியாக அனுப்பட்டும். ஹைஸ்மன் ஓட்டில் மூன்று பெயர் எழுதி 3, 2, 1 என்று புள்ளி கொடுப்பார்கள், நாம் 5-லிருந்து 1 வரை கொடுக்கலாம். ரெண்டு கோச்சில் ஒருவராவது தன் காலேஜுக்கு எதிராக ஆடி ஜெயித்தவராக இருக்க வேண்டும் என்று ஒரு விதி வைத்துப் பாருங்கள், ஒஹாயோ ஸ்டேட் ஆள் வேறு வழியில்லாமல் போ ஷெம்பெக்லர் பெயரை எழுதும்போது முகத்தைப் பார்க்கவே வரலாம். 1969-இல் மிஷிகனுக்கு வந்த முதல் வருஷமே முதலிடத்தில் இருந்த ஒஹாயோ ஸ்டேட்டை 24-12 என்று கவிழ்த்தவர், அதுவும் தன் குருவான வுடி ஹேஸின் அணியை.

சமமாக வந்தால் மறுஓட்டு வேண்டாம். ரெண்டு பேருக்கும் ஆளுக்கொரு ஆட்டம், கூட்டமாக உட்கார்ந்து பார்த்துவிட்டு நடுவர் சொல்வதுதான் தீர்ப்பு. கிக்ஆஃபிலிருந்து முழுசாகப் பார்க்க வேண்டும், தொகுப்பு வீடியோ கூடாது. அதில் எல்லாருமே கடவுள்தான்.

எப்போது போடுவது என்றால் மே, ஜூன்தான் நல்லது. ஆட்டம் எதுவும் இல்லாத மாதங்கள், வெயிலுக்குப் பயந்து எல்லாரும் வீட்டில்தான் இருப்பார்கள், நேற்று ராத்திரி ஆடியவன் மயக்கமும் தெளிந்திருக்கும். ஆகஸ்ட் கடைசியில் சீசன் ஆரம்பிக்கும் முன் பட்டியலைப் பூட்டிவிடுங்கள். அடுத்த வருஷம் ஒருவரைச் சேர்க்க வேண்டுமானால் ஒருவரை எடுத்தாக வேண்டும், ஐந்து ஆறாகக் கூடாது.

என் பட்டியலைக் கேட்பீர்கள். வின்ஸ் யங், பேரி சாண்டர்ஸ், டமுக்கோங் சூ, சார்ல்ஸ் உட்சன். ஐந்தாவது பாஸ்டன் காலேஜ் குவார்ட்டர்பேக் டக் ஃப்ளூட்டி. அஞ்சடி பத்து அங்குலம்தான், அவ்வளவு தூரம் எங்கே வீசப்போகிறார் என்று மயாமி தடுப்பாளர்கள் அவர் அணியின் ரிசீவர் ஜெரார்ட் ஃபீலனைத் தங்களைத் தாண்டிப் பின்னால் ஓடவிட்டார்கள், ஆறு விநாடி இருக்கும்போது வீசிய பந்து அவர்கள் தலைக்கு மேல் போய் ஃபீலன் கையில் விழுந்தது, 47-45. கோச்சில் ஆஸ்பர்னும் ஸ்னைடரும். ஹெர்ஷல் வாக்கர் எங்கே என்று கேட்டு யாராவது வந்தால், தோள் நழுவிய நிலையில் 150 யார்டு ஓடி ஜார்ஜியாவுக்குப் பட்டம் வாங்கித்தந்த அந்த ஷுகர் பௌலை முழுசாகச் சொல்லட்டும், அடுத்த மே மாதம் ஃப்ளூட்டியை எடுப்பதா வேண்டாமா என்று பேசிக்கொள்ளலாம்.